உருக்கும் பதமும் எஃகும்

1. முன்னுரை

தமிழ் நூல்களிற் பயிலும் பொருட்பெயர்களுள் உலோகங்களைக் குறிப்பன பல. பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, வெள்ளீயம், காரீயம் என அவற்றைப் பொருள் வேறுபாடு பற்றி வகைப்படுத்துதல் எளிது. ஆயின் இரும்புத் தொழிலோடு தொடர்புடைய மூன்று சொற்கள் அவ்வகைப்பாட்டுள் அடங்குவனவல்ல. உருக்கு, பதம், எஃகு என்பனவே அவை.

உருக்கு என்பது தொழிலாற் பெற்ற பெயர். உருக்கப்பட்டது யாதோ அஃது உருக்கு. பதம் என்பது நிலையின் பெயர். சோற்றுக்கும் பாகுக்கும் மண்ணுக்கும் மருந்துக்கும் பதம் உண்டு. கத்தியின் வாய்க்கும் பதம் உண்டு. எஃகு என்பது இன்று ஓர் உலோகத்தின் பெயராக வழங்கினும், பழைய வழக்கில் அது படைக்கலத்துக்கும் அதன் கூர்மைக்கும் பெயராய் நின்றது. செல்வத்தைப் பகை வெல்லும் படையாகக் காட்டும் 759ஆம் குறளில் எஃகு படைக்கலத்தைக் குறிக்கின்றது. 773ஆம் குறளில் அச்சொல்லுக்குப் பரிமேலழகர் கூர்மை எனப் பொருள் உரைக்கின்றார். ஆகவே எஃகு பண்பு பற்றிய பெயர் எனக் கொள்ளலாம்.

தொழில், நிலை, பண்பு என்னும் இம்மூன்றும் இக்காலப் பொருளறிவியலின் மூன்று தூண்களாக விளங்குகின்றன. ஒரு பொருளை ஆக்கும் செய்முறை அதன் உள்ளமைப்பை உருவாக்குகின்றது. அவ்வுள்ளமைப்பு அதன் பண்பைத் தீர்மானிக்கின்றது. என்னென்ன தனிமங்கள் எவ்வெவ்வளவு கலந்துள்ளன என்பதை மட்டும் அறிந்தோர் அப்பொருளின் வன்மையையோ மென்மையையோ கூறிவிட இயலாது. இவ்வொப்புமையைக் கொண்டு பண்டைத் தமிழர் அணுக்களின் அடுக்கினை அறிந்திருந்தனர் என்று கூறுதல் எம் கருத்தன்று. கைத்தொழிலாளர் தாம் கண்டறிந்த உண்மையைச் சொல்லிற் பொதிந்து வைத்தனர் என்ற அளவே யாம் கூறுவது. அவ்வுண்மை யாது, அதனை அறிதலால் இலக்கிய ஆய்வுக்கும் தொல்பொருள் ஆய்வுக்கும் விளையும் பயன் யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

2. பொருள் ஒன்று, பண்பு வேறு

பண்பு பொருளை மட்டும் பொறுத்ததன்று என்பதற்குத் தெளிவான சான்று கார்பன். வைரம் முற்றிலும் கார்பன் அணுக்களால் ஆயது. எழுதுகோலின் உள்ளீடாகிய கிராபைட்டும் கார்பனே. வைரம் கண்ணாடியை அறுக்கும். கிராபைட்டு தாளில் தேய்ந்து கரிய கோடாகும். வைரம் ஒளியைத் தன்னூடே செலுத்தும், கிராபைட்டு செலுத்தாது. இவ்வேறுபாடு பொருளால் வந்ததன்று என்பது வெளிப்படை. வைரத்தில் ஒவ்வோர் அணுவும் தன்னைச் சூழ்ந்த நான்கு அணுக்களோடு எல்லாத் திசையிலும் உறுதியாகப் பிணைந்து நிற்கின்றது. கிராபைட்டிலோ ஒவ்வோர் அணுவும் மூன்றனோடு மட்டும் பிணைந்து, அறுகோணங்கள் நிரம்பிய தட்டையான ஏடுகளாய் அமைகின்றது. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையே பிணைப்பு மிகத் தளர்ந்தது. ஆகலின் ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. எழுதுங்கால் தாளிற் படிவன அவ்வேடுகளே.

யாப்பறிந்தார்க்கு இது புதிதன்று. ஒரு சீர் தன்னளவில் யாதாயினும், அது வரும் சீரோடு எவ்வாறு தளைகொள்கின்றது என்பதைப் பொறுத்தே ஓசை பிறக்கின்றது. சீர்களை எண்ணிக் கணக்கிட்ட அளவானே பாவின் ஓசையை உணர்ந்துவிட இயலாது. உலோகங்களிலும் அணுக்களின் தளையே பண்புக்குக் காரணமாகின்றது.

அணுக்கள் இவ்வாறு ஓர் ஒழுங்கில் மீண்டும் மீண்டும் அடுக்கப்பெற்ற பொருளைப் படிகம் என்பர். கல்லுப்பின் சதுர வடிவத்தைக் காண்போர் அது படிகம் என எளிதில் உணர்வர். இரும்பும் செம்பும் பொன்னும் படிகங்களே என்பது கண்ணுக்குப் புலனாவதில்லை. 1912இல் செருமனியில் மாக்சு வான் லாவேயும் அவர்தம் துணைவரும் எக்சுக் கதிர்களைப் படிகத்தினூடே செலுத்தி, அவை ஒழுங்கான புள்ளிகளாகச் சிதறுதலைக் கண்டனர். அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் வில்லியம் என்றி பிராகும் அவர் மைந்தர் லாரன்சு பிராகும் அச்சிதறலினின்று அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிடும் முறையை வகுத்தனர். தந்தையும் மைந்தரும் 1915ஆம் ஆண்டின் நோபல் பரிசினைப் பகிர்ந்துகொண்டனர். அதன் பின்னரே உலோகங்களின் உள்ளடுக்கு ஐயமின்றித் தெளிவாயிற்று.

3. வளைதலும் வன்மையடைதலும்

உலோகங்களிற் பெரும்பாலானவை மூவகை அடுக்குகளுள் ஒன்றனைக் கொண்டன. ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் அணுக்கள் அமைவது ஒருவகை. இதனை முகநடு அடுக்கு எனலாம். பொன், வெள்ளி, செம்பு, அலுமினியம் ஆகியவை இவ்வகையின. எட்டு மூலைகளிலும் கனசதுரத்தின் உள் நடுவில் ஒன்றுமாக அமைவது மற்றொரு வகை. இதனை உடல்நடு அடுக்கு எனலாம். அறை வெப்பநிலையில் இரும்பு இவ்வகையினது. அறுகோண அடித்தளத்தின்மேல் நெருங்க அடுக்கப்பெறுவது மூன்றாம் வகை. துத்தநாகமும் மக்னீசியமும் இவ்வகையின.

உலோகத்தை வளைக்குங்கால் அணுத்தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுகின்றன. முகநடு அடுக்கில் அணுக்கள் மிக நெருங்கிய தளங்கள் பல திசைகளில் உள. ஆகவே எப்பக்கம் அடித்தாலும் நழுவுதற்கு ஏற்ற தளம் ஒன்று கிடைக்கின்றது. பொன்னைத் தகடாகவும் கம்பியாகவும் வேண்டியவாறு நீட்டலாவதன் காரணம் இதுவே. அறுகோண அடுக்கில் அத்தகைய தளங்கள் குறைவு. ஆகலின் துத்தநாகம் அறைச் சூட்டில் பொன்னைப் போல் இணங்குவதில்லை.

ஆயினும் ஓர் ஐயம் எழுந்தது. ஒரு தளம் முழுவதும் ஒருசேர நழுவ வேண்டுமாயின் எவ்வளவு விசை வேண்டும் எனக் கணக்கிட்டபோது, அது உண்மையில் வேண்டப்படும் விசையினும் பன்மடங்கு மிகுதியாக இருந்தது. 1934இல் டெய்லர், ஒரோவான், பொலானி ஆகிய மூவரும் தனித்தனியே இதற்கு விடை கூறினர். படிகத்தின் அடுக்கில் ஆங்காங்கே பிழைகள் உள. ஒரு வரிசை இடையிலே நின்றுபோவதால் உண்டாகும் அப்பிழை, தளத்தினூடே சிறிது சிறிதாக நகர்ந்து செல்கின்றது. நீண்ட சமுக்காளத்தை ஒருங்கே இழுப்பது அரிது. ஓர் ஓரத்தில் மடிப்பை உண்டாக்கி அம்மடிப்பை மறுகோடிவரை தள்ளிச் செல்வது எளிது. உலோகம் வளைவதும் அவ்வாறே.

இவ்விளக்கம் கன்னார் நாள்தோறும் காணும் ஒரு செயலுக்குப் பொருள் தருகின்றது. செப்புத் தகட்டைக் குளிர்ந்த நிலையில் அடிக்க அடிக்க அது விறைத்து வன்மையடையும். மேலும் அடிப்பின் வெடிக்கும். ஆகவே அவர் இடையிடையே அதனைத் தீயிற் காய்ச்சி இளக்குவர். அடிக்குந்தோறும் அடுக்குப் பிழைகள் பெருகி ஒன்றையொன்று தடுக்கின்றன. நகர்தற்கு வழியின்மையால் உலோகம் வன்மையடைகின்றது. காய்ச்சும்போது அணுக்கள் இடம்பெயரும் ஆற்றல் பெற்றுப் பிழை குறைந்த புதிய மணிகளாக அடுக்கிக்கொள்கின்றன. செம்பின் ஓர் அணுவும் கூடவில்லை, குறையவில்லை. அதன் பண்போ இருமுறை மாறிவிட்டது.

4. இரும்பின் இருவகை அடுக்கு

இரும்பின் சிறப்பு அது சூட்டுக்கேற்பத் தன் அடுக்கினை மாற்றிக்கொள்ளுதலாகும். அறைச் சூட்டில் உடல்நடு அடுக்காய் நிற்கும் தூய இரும்பு, 912 பாகை செல்சியசில் முகநடு அடுக்காக மாறும். 1394 பாகையில் மீண்டும் உடல்நடு அடுக்கை அடைந்து, 1538 பாகையில் உருகும். 912 பாகையைக் கடக்கும்போது இரும்பு சூடேறிய நிலையிலும் சிறிது சுருங்கும். முகநடு அடுக்கு நெருக்கம் மிகுந்ததாகலின் அவ்வாறு நிகழ்கின்றது.

இங்குக் கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. முகநடு அடுக்கு நெருக்கமானதே. எனினும் அதன் இடைவெளிகள் எண்ணிக்கையிற் குறைந்து அளவிற் பெரியனவாக உள. உடல்நடு அடுக்கின் இடைவெளிகள் பலவாயினும் சிறியன. கார்பன் அணு இரும்பணுவினும் சிறியது. இரும்பின் இடைவெளிகளிற் புகுந்து தங்குவது. ஆகவே முகநடு அடுக்கில் உள்ள சூடான இரும்பு ஏறத்தாழ 2 விழுக்காடு கார்பனைத் தன்னுட் கொள்ளும். உடல்நடு அடுக்கில் உள்ள இரும்பு கொள்ளும் மிகுதியான அளவு ஏறத்தாழ 0.02 விழுக்காடே. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள நூறு மடங்கு வேறுபாட்டிலேயே கொல்லன் தொழில் முழுவதும் அடங்கியுள்ளது எனலாம்.

0.8 விழுக்காட்டளவு கார்பன் கலந்த இரும்பைச் செந்நிறம் வரக் காய்ச்சுவோமாயின், கார்பன் முழுவதும் இரும்பினுட் கரைந்து நிற்கும். அதனை மெல்ல ஆறவிட்டால், அடுக்கு மாறும்போது தங்க இடமின்றி வெளிப்படும் கார்பன், இரும்போடு கூடிச் சிமென்டைட்டு என்னும் வன்மையான சேர்மமாகும். மென்மையான இரும்பும் வன்மையான சிமென்டைட்டும் மெல்லிய ஏடுகளாக மாறி மாறிப் படியும். அவ்விரும்பு ஓரளவு வன்மையும் ஓரளவு வளையுந்தன்மையும் உடையதாகும்.

அதே இரும்பைச் செஞ்சூட்டினின்று நேரே நீரிற் தோய்த்தால் விளைவு வேறாகின்றது. கார்பன் வெளியேறுதற்குக் காலம் இல்லை. அடுக்கு மாற முயன்றும், சிக்கிய கார்பன் தடுத்தலால் முழுதும் மாற இயலாது, ஒருபுறம் நீண்ட கோணலான அடுக்காக உறைந்துவிடுகின்றது. செருமானிய அறிஞர் அடால்பு மார்ட்டன்சின் பெயரால் இதனை மார்ட்டன்சைட்டு என்பர். உள்ளே இழுவிசை நிறைந்த அவ்வடுக்கில் பிழைகள் நகர்தல் அரிது. ஆகலின் இரும்பு அரம் கொள்ளாத வன்மை பெறுகின்றது. கூடவே கண்ணாடியைப் போல் நொறுங்குந் தன்மையும் பெறுகின்றது.

இவ்விரு நிலையும் அரிவாளுக்கு உதவா. முன்னதன் வாய் மழுங்கும். பின்னது ஓங்கி வெட்டினால் ஒடியும். ஆகவே கொல்லர் தோய்த்த கருவியை மறுபடியும் மெல்லக் காய்ச்சுவர். தேய்த்து வெளுப்பாக்கிய பரப்பில் முதலில் வைக்கோலின் மஞ்சள் நிறமும், பின்னர்ப் பழுப்பும், ஊதாவும், நீலமும் தோன்றும். மஞ்சள் ஏறத்தாழ 230 பாகையையும் நீலம் ஏறத்தாழ 300 பாகையையும் காட்டுவன. அச்சூட்டிற் சிக்கிய கார்பனில் ஒரு பகுதி மிக நுண்ணிய துகள்களாகப் பிரிகின்றது. வன்மை சிறிது குறைய, உறுதி பெரிதும் கூடுகின்றது. எந்த நிறத்தில் நிறுத்துவது என்பது கருவியின் பயன் நோக்கியது. தோய்த்தலைத் துவைத்தல் என்றும், துவைச்சல் என்றும் கூறும் வழக்கு தமிழில் உண்டு. அத்தொழிலின் முடிவில் கருவி அடையும் நிலையே பதம். பதம் என்னும் சொல்லுக்குக் கூர்மை என்ற பொருளும் உண்டாதல் இக்கருத்துக்கு இயைபுடையது.

5. புறநானூற்று உவமை ஒன்று

காய்ந்த இரும்பும் நீரும் சேரும் இந்நிகழ்ச்சி சங்க இலக்கியத்துள் உவமையாக ஆளப்பட்டுள்ளது. புறநானூற்றின் 21ஆம் பாட்டில் ஐயூர் மூலங்கிழார், கானப்பேரெயிலைக் கைப்பற்றிய உக்கிரப்பெருவழுதியைப் பாடுகின்றார். கொல்லன் காய்ச்சிய இரும்பிற்பட்ட நீரை மீளப் பெறுதல் எவ்வாறு இயலாதோ, அதனினும் இயலாதது அவ்வரணை வேங்கைமார்பன் மீளப் பெறுதல் என்பது கருத்து.

இவ்வுவமையைக் கொண்டு சங்க காலத்தார் எஃகு செய்தனர் என நிறுவ முற்படுவோர் உளர். அம்முடிபு வேறு சான்றுகளால் உறுதியாகலாம். இவ்வுவமை ஒன்றனால் உறுதியாகாது. காரணம் மேலே கூறியதிலேயே அடங்கியுள்ளது. கார்பன் மிகக் குறைந்த தேனிரும்பை எத்துணை முறை நீரில் தோய்த்தாலும் அது குறிப்பிடத்தக்க வன்மை பெறாது. சிக்குதற்கு அதனுட் கார்பன் இல்லை. விரைந்து ஆறுதற்பொருட்டும் கொல்லன் இரும்பை நீரில் இடுவதுண்டு. புலவர் நோக்கம் நீரின் மீளாமை பற்றியது. இரும்பின் மாற்றம் பற்றியதன்று. ஆகவே தோய்த்தல் என்னும் தொழில் அக்காலத்து வழங்கியது என்பதற்கே இப்பாட்டுச் சான்றாகும். தோய்த்த பொருள் யாது, அது பெற்ற பதம் யாது என்பவற்றை அக்காலத்து இரும்பின் உள்ளமைப்பே கூறவேண்டும்.

6. உருக்கு: கலவையைத் தேடியோர் கண்டதும் காணாததும்

அவ்வுள்ளமைப்பு எவ்வளவு இன்றியமையாதது என்பதைத் தென்னாட்டு உருக்கின் வரலாறு நன்கு புலப்படுத்தும். 1794இல் மும்பையிலிருந்த மருத்துவர் எலனசு சுகாட்டு, இந்திய எஃகின் கட்டிகளை இலண்டன் அரச கழகத்தின் தலைவர் சோசப்பு பாங்சுக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு சார்சு பியர்சன் அவற்றை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில் அவ்வெஃகு 'வூட்சு' எனப் பெயர் பெற்றது. இப்பெயர் கன்னடத்திலும் தெலுங்கிலும் வழங்கும் உக்கு என்பதன் திரிபு எனப் பலரும் கொள்வர். தமிழ் உருக்கு என்பதனோடு அதற்குள்ள உறவும் சுட்டப்படுகின்றது.

ஐரோப்பியர் இவ்வெஃகினை விரும்பியதற்குக் காரணம் இருந்தது. இத்தகைய எஃகாலாய வாள்கள் மேலை ஆசியாவில் பெரும்புகழ் பெற்றவை. தமசுக்கு வாள் என ஐரோப்பாவில் அறியப்பட்டவை. அவ்வாள்களின் பரப்பில் ஓடும் நீரின் அலைபோலும் வரிகள் தோன்றும். அதனை ஆக்கும் வழியை அறியப் பலர் முயன்றனர். கொல்லர் ஒருவரின் மைந்தராகிய மைக்கேல் பாரடே, 1819இல் வூட்சினை வேதியியல் முறையிற் பகுத்து, அதன் சிறப்புக்கு அலுமினியமும் சிலிக்காவும் காரணமாகலாம் எனக் கருதினார். பின்னர்ச் சேம்சு சுடோடார்ட்டுடன் கூடி வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் முதலியவற்றை எஃகோடு கலந்து ஆராய்ந்தார். கலப்பு எஃகு பற்றிய பிற்கால ஆய்வுகளுக்கு அது வழிகாட்டியது. வூட்சின் மறையை அது திறக்கவில்லை. 1820களின் தொடக்கத்தில் பாரிசு நாணயச் சாலையைச் சார்ந்த பிரேயான், முந்நூறளவான உருக்கு ஆய்வுகளைச் செய்து, வரிகளுக்குக் காரணம் மிகுதியான கார்பனே என்று கண்டார். உருசியாவில் அனோசாவும் 1841இல் வெளியிட்ட நூலில் ஏறத்தாழ அம்முடிபுக்கே வந்தார்.

கார்பன் 1.5 விழுக்காட்டை ஒட்டிய அளவில் இருத்தல் இவ்வுருக்கின் இயல்பு. இது வழக்கமான எஃகினும் மிகுதி. ஆயின் கலவையை அறிந்தபின்னும் ஐரோப்பியக் கொல்லர்க்கு அது பணியவில்லை. தம் எஃகினை அடிக்கும் வெண்சூட்டில் அவர்கள் அதனை அடித்தபோது அது நொறுங்கியது. கார்பன் மிகுந்தோறும் இரும்பு உருகத் தொடங்கும் சூடு தாழும். 2 விழுக்காட்டை நெருங்குங்கால் ஏறத்தாழ 1150 பாகையிலேயே உருகத் தொடங்கிவிடும். வெண்சூட்டில் மணிகளுக்கிடையே நீர்மை தோன்ற, அடி தாங்காது உலோகம் சிதைகின்றது. செந்நிறத்தளவில் நிறுத்தி, மெல்லிய அடிகளால் பன்முறை காய்ச்சி அடிப்பதே அதற்குரிய முறை. கலவை கைக்கு வந்தும் செய்முறை வாராமையால் பண்பு வாராதாயிற்று.

அச்செய்முறையின் முதற்பகுதியைத் தென்னாட்டிலேயே கண்டெழுதியவருள் ஒருவர் சோசையா ஈத்து. 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய இவர், 1839இல் இந்திய இரும்பும் எஃகும் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். தேனிரும்புத் துண்டுகளை உலர்ந்த ஆவாரை விறகோடு சிறிய மண் மூசையில் இட்டு, எருக்கிலை போன்ற பச்சிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைப்பர். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை உலையில் வளைவாக அடுக்கி, கரியால் மூடி, துருத்தியால் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஊதுவர். மூசைக்குள் விறகும் இலையும் கரியாகி, அக்கரி இரும்பிற் புகும். கார்பன் புகப் புக இரும்பு உருகும் சூடு தாழ்ந்து, தூய இரும்பை உருக்க இயலாத உலையிலும் உருக்கு உண்டாகின்றது. மூசையை ஆறவிட்டு உடைத்தால் உலோகக் கட்டி கிடைக்கும். அதனை அடிப்பதற்கு முன்னர்க் கரித்தீயிற் பல மணி நேரம் காய்ச்சிப் பதப்படுத்துவர். உருக்குதல், ஆறவிடுதல், மீளக் காய்ச்சுதல் ஆகிய ஒவ்வொன்றும் உள்ளமைப்பில் தன் தடத்தைப் பதிக்கின்றது.

வரிகளின் காரணம் 20ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தெளிவுபெற்றது. அமெரிக்க அறிஞர் வெர்கோவன், வாள் செய்யும் கொல்லராகிய பென்றே, தாவுக்சு ஆகியோர் 1998இல் தம் முடிபினை வெளியிட்டனர். உருகிய எஃகு உறையுங்கால் மரக்கிளைகள் போன்ற வடிவிற் படிகம் வளர்கின்றது. தாதுவிலிருந்து வந்த வனேடியம் போன்ற மாசுகள் அக்கிளைகளின் இடைவெளியில் ஒதுங்குகின்றன. காய்ச்சி அடித்து ஆறவிடுந்தோறும் அவ்விடங்களிற் சிமென்டைட்டுத் துகள்கள் சிறிது சிறிதாகத் திரண்டு பட்டைகளாகின்றன. அமிலத்தில் இட்டால் இரும்புப் பகுதி கருத்து, பட்டைகள் வெண்மையாய் நிற்கும். இதற்கு வேண்டும் வனேடியம் 0.003 விழுக்காட்டளவே என அவர்கள் காட்டினர். ஒருமுறை காய்ச்சி அடிப்பதால் பட்டை உண்டாவதில்லை. பல சுற்றுகள் வேண்டும். பொருத்தமான தாது கிடையாமற் போனதால் அக்கலை மறைந்திருக்கலாம் என்பதும் அவர்கள் கருத்து. 1800களின் பகுப்பாய்வு இத்துணைச் சிறிய மாசினைக் கண்டிராது. கண்டிருப்பினும் அது கிளைகளின் இடையே நிற்கும் நிலையைப் பகுப்பாய்வு காட்டியிராது. கரைத்துப் பகுக்கும்போது அமைப்பு அழிந்துவிடுகின்றது அன்றோ!

தமிழகத்துச் சான்றுகளிலும் இவ்வேறுபாடு தோன்றுகின்றது. பதிற்றுப்பத்திற் கூறப்படும் கொடுமணம் என அறிஞர் கொள்ளும் ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. பழைய தென்னார்க்காட்டுப் பகுதியிலுள்ள மேல்சிறுவளூரில் உடைந்த மூசைகள் குவிந்துள்ள இடத்தைச் சாரதா சீனிவாசன் 1990களில் ஆராய்ந்தார். மூசையோட்டில் ஒட்டிநின்ற சிறு உலோகத் துளிகளை நுண்ணோக்கியிற் கண்டபோது, அவை கார்பன் மிகுந்த எஃகின் அமைப்பைக் காட்டின. அவ்விடத்தில் நிகழ்ந்த தொழில் மூசை எஃகுத் தொழில் என்பதை அவ்வமைப்பே உறுதிசெய்தது.

7. வெண்கலத்தின் மறுதலை

நீரில் தோய்த்தல் உலோகத்தை எப்போதும் நொறுங்கத்தக்கதாக்கும் என்று மேற்கூறியவற்றால் எண்ணிவிடலாகாது. வெண்கலத்தில் ஒருவகை இதற்கு நேர்மாறானது.

செம்போடு வெள்ளீயம் 10 விழுக்காட்டளவிற் கலந்த வெண்கலம் பெரும்பாலும் செம்பின் முகநடு அடுக்கையே கொண்டிருக்கும். வெள்ளீயம் 22 முதல் 24 விழுக்காடுவரை மிகுமாயின் அதன் இயல்பு மாறும். மெல்ல ஆறினால் டெல்டா என அறிஞர் குறிக்கும் வெண்மையான, எளிதில் உடையும் சேர்மம் உள்ளே மிகும். தட்டினால் கலம் உடையும். ஆயின் 586 பாகைக்கும் 798 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில் அதே வெண்கலம் உடல்நடு அடுக்கினை அடைந்து அடிக்கு நன்கு இணங்கும். அச்சூட்டிலேயே கலமாக அடித்து, உடனே நீரில் தோய்த்தால், டெல்டா தோன்றுதற்குக் காலம் இல்லை. சூட்டில் இருந்த நிலையின் பெரும்பகுதி நிலைத்துவிடுகின்றது. கலம் பொன்னிறமும் இனிய ஓசையும் பெற்று, நொறுங்காமல் நிற்கின்றது. ஆதிச்சநல்லூரிலும் நீலகிரிப் புதைகுழிகளிலும் கிடைத்த மெல்லிய கலங்கள் சில இம்முறையில் ஆக்கப்பட்டவை என்பதை அவற்றின் உள்ளமைப்பைக் கண்ட ஆய்வு காட்டியுள்ளது.

இன்னும் வியக்கத்தக்கது கேரளத்து ஆறன்முளைக் கண்ணாடி. அதில் வெள்ளீயம் ஏறத்தாழ 33 விழுக்காடு. கலம் செய்வோர் தவிர்க்க முயன்ற டெல்டாச் சேர்மத்தையே கண்ணாடி செய்வோர் விரும்பி நிறைத்தனர். மிக வன்மையும் வெள்ளிய நிறமும் உடைய அது, நன்கு மெருகிட்டால் பின்புறப் பூச்சின்றியே உருவத்தைத் தெளிவாகக் காட்டுகின்றது. உடையுந்தன்மை கண்ணாடிக்குப் பெருங்குறையன்று. ஒரே சேர்மம் கலத்துக்குக் குற்றமும் கண்ணாடிக்குக் குணமும் ஆகின்றது.

இரும்பைத் தோய்த்தால் நொறுங்கும் தன்மை வருகின்றது. இவ்வெண்கலத்தைத் தோய்த்தால் அது நீங்குகின்றது. தொழில் ஒன்றே. இரண்டிலும் நீர் செய்வது சூட்டில் இருந்த அடுக்கு முறைப்படி சிதைவதைத் தடுப்பதே. தடுக்கப்பட்டது எத்தகைய அடுக்கு என்பதைப் பொறுத்து விளைவு மாறுகின்றது. ஆகவே 'தோய்த்தான்' என்னும் வினைக்கு இதுவே பயன் என அகராதியில் ஒரு விளக்கம் எழுதி அமைவது பொருந்தாது. எதனை, எந்நிலையில், எதன்பொருட்டு என்பனவும் அறியப்படல் வேண்டும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று.

முதலாவது, அகழாய்வு அறிக்கைகள் பற்றியது. பழம்பொருளில் இரும்பு இவ்வளவு, செம்பு இவ்வளவு, வெள்ளீயம் இவ்வளவு எனக் கணக்கிடும் பட்டியல் பாதிச் செய்தியையே தரும். மெருகிட்டு அமிலந்தோய்த்து நுண்ணோக்கியிற் கண்ட உள்ளமைப்பும் உடன் கொடுக்கப்படல் வேண்டும். அவ்வமைப்பிலேயே அதனை ஆக்கியோரின் கைவினை எழுதப்பட்டுள்ளது. துருவேறிய இரும்பிற்கூடச் சிலபோது பழைய அமைப்பின் சுவடு எஞ்சும். அதனைக் காணுமுன் துருவைக் களைந்துவிடுதல் ஏட்டின் எழுத்தை அழித்தலை ஒக்கும்.

இரண்டாவது, இலக்கியச் சான்று பற்றியது. எஃகு என்னும் சொல் வரும் இடமெல்லாம் இக்கால எஃகினைக் காண்பதும், இரும்பும் நீரும் சேரும் இடமெல்லாம் வன்மையூட்டுதலைக் காண்பதும் பொருந்தா. நூல் தொழிலைக் கூறும். பொருள் தன் நிலையைக் கூறும். இரண்டும் ஒத்த இடத்தே முடிபு கூறுதல் தகும்.

மூன்றாவது, சொல் தொகுப்புப் பற்றியது. கலைச்சொல் தொகுப்போர் பெரும்பாலும் பொருட்பெயர்களையே திரட்டுகின்றனர். காய்ச்சுதல், இளக்குதல், தோய்த்தல், துவைத்தல், ஆறவிடுதல், பதம் பார்த்தல் ஆகிய வினைகளும், சூட்டின் நிறங்களைக் கொல்லரும் கன்னாரும் வழங்கும் பெயர்களும் அவ்வளவு கருத்தோடு திரட்டப்படவில்லை. மூசையும் துருத்தியும் அருங்காட்சியகத்திற் கிடைக்கும். எந்த நிறத்தில் இரும்பைத் தீயினின்று எடுப்பது என்பதை உணர்த்தும் சொல், அதனை வழங்குவோர் உள்ளவரையே கிடைக்கும். பட்டறைகளுக்குச் சென்று அவற்றைக் கேட்டெழுதும் பணியை முதுகலை மாணவர் மேற்கொள்வாராயின், தமிழ்ச் சொல்லாராய்ச்சிக்கும் பொருளறிவியலின் வரலாற்றுக்கும் அது ஒருங்கே பயன்தரும் என யாம் கருதுகின்றோம்.